இருபத்தெட்டு டிகிரி

ஊருக்குப் போகையில் லியோனிலா
மூன்று பொருள்களை விட்டுப்போனாள்:
ரைஸ் குக்கர், அரை பாட்டில் ஷாம்பு, பாம்பு.
நாற்பதே நாள், வந்துவிடுவேன் என்றாள்.
இது ஐந்தாவது மாதம்.

பெயர் மங்கா. அவள் மொழியில் மாம்பழம்.
நம் மாங்காய்தான் எப்போதோ கப்பலேறிப் போய்
ஆரஞ்சுச் செதில் பூசிக்கொண்டு
ஷார்ஜாவில், ரோலாவில், ஏழாம் மாடியில்
என் கட்டிலுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில்
சுருண்டு கிடக்கிறது.
விஷமில்லை. சத்தமில்லை. வாடகையில் பங்குமில்லை.
ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்கு அடுத்த தட்டில் அதன் எலிகள்.
பொட்டலங்களின் மேல் லியோனிலாவின் கையெழுத்தில்
சனிக்கிழமை, சனிக்கிழமை, சனிக்கிழமை.
ஆறு சனிக்கிழமைகள் தீர்ந்துபோய்
இப்போது நானே வாங்குகிறேன்.

அம்மா போனில் சொல்கிறாள்:
திருநாகேஸ்வரம் போயிட்டு வந்தோம்டி,
பால் நீலமாத்தான் இறங்குச்சு,
முப்பத்தஞ்சு முடியறதுக்குள்ள
உன் நாகதோஷம் வெலகிடும்.
தோஷம் அப்போது என் முழங்கை ஏறி
காதருகே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.
சரிம்மா, என்றேன்.

இதை வெளியே கூட்டிப்போகலாமா?
வெள்ளிக்கிழமையானால் இதே யோசனை.
மஜாஸ் நீர்க்கரைக்குக் கிளியோடு வருகிறார்கள்.
ஒருவர் பூனையைத் தள்ளுவண்டியில் வைத்து
ஐஸ்கிரீம் ஊட்டுகிறார்.
இதற்கு மட்டும் காற்று வேண்டாமா என்று கேட்டால்
அது ஒன்றும் சொல்வதில்லை.
அதற்கு வேண்டியது ஒளிய ஓரிடம், இருபத்தெட்டு டிகிரி.
வெளியே நாற்பத்தொன்று. மாலுக்குள் பத்தொன்பது.
இருபத்தெட்டை இந்த ஊரில் யாரும் விற்பதில்லை.
அனுமதிச் சீட்டும் அதற்கில்லை.
ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கட்டும் என் பெயரும்
வீட்டுக் கான்ட்ராக்டில் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
ஆறு வருஷமாக லேபில்
ரத்தப் புட்டிகளின் மேல் பிறர் பெயரை ஒட்டுகிறேன்.
நடைபாதையில் யாராவது திரும்பிப் பார்த்தால்
அது எனக்குப் பின்னால் வரும் சைக்கிளை.
இது என் கழுத்தில் இருந்தால்?
பாம்பென்றால் படையே நடுங்குமாம்,
ஒரு வெள்ளி மாலை நடுங்கட்டுமே.
கூட்டம் பிளந்து வழிவிட, நடுவில் நான்,
வெளுத்த சுடிதாரில்,
புதுச் சங்கிலி போட்டவள் மாதிரி.

ஓர் இரவு பதினோரு மணிக்கு
துப்பட்டாவுக்குள் வைத்து லிஃப்டில் இறங்கினேன்.
நாலாம் மாடியில் கதவு திறந்தது.
வாட்ச்மேன் குல் ஜமான், கையில் தண்ணீர் கேன்.
உள்ளே வந்து, சலாம் சிஸ்டர் என்று தொடங்கி
பாதியில் நிறுத்திவிட்டார்.
வால் நுனி தெரிந்திருக்கிறது.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
கேனை மார்போடு அணைத்து, கண்ணாடியில் முதுகை ஒட்டி,
கண்மூடி உதடுகளை மட்டும் அசைத்தார்.
மூன்று. இரண்டு.
எத்தனை மாடிதான் ஒரு கட்டடத்துக்கு.
மங்கா என் விலாவை இறுக்கிக்கொண்டது.
அவரையும் இதையும்
இந்தக் காட்சிக்கு யார் கூப்பிட்டது?
கதவு திறந்ததும் அவர் போய்விட்டார்.
நான் இறங்கவில்லை. ஏழை அழுத்தினேன்.

மறுநாள் ஒரு கிலோ ஆரஞ்சோடு மன்னிப்புக் கேட்டேன்.
ஹிந்தியில் பாம்பு ஆணா பெண்ணா என்று தெரியாமல்
இரண்டு விதமாகவும் சொன்னேன்.
பையை விரித்து அடிவரை பார்த்துவிட்டுத்தான்
குல் ஜமான் சிரித்தார்.

அடுத்த வெள்ளி நான் மட்டும் போனேன்.
யாரும் விலகவில்லை.
பஞ்சுமிட்டாயோடு ஓடிவந்த ஒரு சிறுமி
நேராக வந்து மோதினாள்.
துப்பட்டாவெல்லாம் ரோஸ் நிறப் பிசுக்கு.
வீடு வந்ததும் மங்கா
அந்த இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டு
வெகுநேரம் விசாரித்தது.
சூடு, என்றேன்.